தாய்லாந்துக் கடையில் எதை எடுப்பது?

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலோ லண்டனின் ஹரோவிலோ வெள்ளிக்கிழமை இரவில் ஒரு தாய்லாந்துக் கடைக்குள் போனால், யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இருக்கிற மேசையைக் கண்டுபிடிப்பது லேசு. ஆறு பேர் இருப்பார்கள். ஆறு பேருக்கு முன்னாலும் பட் தாய் இருக்கும். அளவெட்டி, மல்லாகம், சுன்னாகம் பக்கத்தில் இருந்து மாணவர் விசாவில் போனவர்கள். பகுதி நேர வேலைக் காசில் மிச்சம் பிடித்து எப்போதாவது ஒருமுறை வெளியில் சாப்பிடுகிறவர்கள். ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டால், "எல்லாரும் இதைத்தானே எடுக்கிறவை" என்பார்கள். பக்கத்து மேசையில், ஊரில் இருந்து வந்த அப்பா அம்மாவோடு இன்னொரு பிள்ளை இருப்பான். "தம்பி, தெரியாத சாமானெல்லாம் வேண்டாம், வயித்தைக் குழப்பும். பிறைட் றைஸ் சொல்லு" என்று அம்மா சொல்லி முடிக்க முன்னமே அவன் விலைப்பட்டியலை மூடிவிடுவான். இரண்டு மேசையிலும் கொடுத்த காசுக்கு ஏற்ற சாப்பாடு வந்து சேரவில்லை.

பிறைட் றைஸுக்கும் ரோல்ஸுக்கும் வழிகாட்டி தேவையில்லை. அவை எங்கேயும் கிடைக்கும், பசிக்கு நல்லது.

பட் தாயைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும். கையறிந்த ஒருவர் செய்தால் அது அருமையான சாப்பாடு. ஊறவைத்த அரிசி நூடில்ஸ், பழப்புளி, மீன் சாறு, பனங்கட்டி, முட்டை, காய்ந்த இறால், உப்பில் போட்ட முள்ளங்கி, முளைவிட்ட பயறு, மேலே இடித்த கச்சான், ஓரத்தில் தேசிக்காய்த் துண்டு. பெருநெருப்பில், ஓர் ஆளுக்கோ இரண்டு ஆளுக்கோ மட்டும் தாச்சியில் போட்டுப் பிரட்டி எடுக்க வேண்டும். சனம் நிறைந்த இரவில், ஆறு மேசைக்கு ஒன்றாகப் போட்டால் தாச்சியின் சூடு இறங்கிவிடும். நூடில்ஸ் வதங்காமல் அவிந்து கட்டிபட்டு வரும். அதை மறைக்கச் சீனி கூடும். கோப்பை வந்ததும் நிறத்தைப் பாருங்கள். பழப்புளி போட்டது மங்கிய கபில நிறமாக இருக்கும். தோடம்பழ நிறத்தில் மினுங்கினால் புளிக்குப் பதிலாகத் தக்காளிச் சோஸ் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பழப்புளியிலேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை தக்காளிச் சோஸுக்குக் காசு கொடுப்பது மனவருத்தமான விஷயம்.

அந்தச் சாப்பாட்டின் பெயருக்குப் பின்னால் ஓர் அரசியலும் இருக்கிறது. 1938 முதல் 1944 வரை பிரதமராக இருந்த பிபுன் சொங்கிராம்தான் 1939இல் சியாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றியவர். தேசிய உணர்வை ஊட்ட அவருடைய அரசு நடத்திய இயக்கங்களில் நூடில்ஸ் சாப்பிடச் சொன்னதும் ஒன்று. தாச்சியில் நூடில்ஸ் பிரட்டுகிற முறை சீனரிடம் இருந்து வந்தது. அதைத் தாய்லாந்தின் சாப்பாடாகப் பரப்பியதில் அரசுக்குப் பெரும் பங்கு உண்டு. 2002ஐ ஒட்டி, உலகம் முழுக்கத் தாய்லாந்துக் கடைகளைப் பெருக்குகிற திட்டம் ஒன்றையும் அந்நாட்டு அரசு தொடங்கியது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் விலைப்பட்டியல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பட்டியலின் முகப்பில் பட் தாய் நிற்பதைக் கண்டு அந்த நாட்டுச் சனம் தினமும் அதைத்தான் சாப்பிடுகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாங்கொக்கில் அவசரத்துக்குச் சாப்பிடுகிற ஒருவர் பெரும்பாலும் கேட்பது பட் கப்ராவ்: கொத்திய இறைச்சியை உள்ளி, மிளகாயோடு வதக்கி, கடைசியில் இலையைப் போட்டு, சோற்றின்மேல் கொட்டி, பொரித்த முட்டையோடு தருவார்கள். அந்த இலை நம்முடைய துளசியேதான். கோயிலில் தீர்த்தத்தோடு வாங்குகிற மணம் இறைச்சியில் வருவது சிலருக்கு ஒத்துவராது. அவர்கள் முதலிலேயே விலகிக்கொள்ளலாம்.

புளி அறிந்த நாக்குக்கு முதல் வழி சொம் தாம். பப்பாசிக் காயைச் சீவி, மண் உரலில் மர உலக்கையால் இடிக்கிற சம்பல் அது. உள்ளியும் மிளகாயும் முதலில் நசியும். பிறகு காய்ந்த இறால், பயற்றங்காய், தக்காளி, தேசிப்புளி, மீன் சாறு, பனங்கட்டி. ஒரு கையில் உலக்கை, மறு கையில் கரண்டி. இடிக்க இடிக்கக் கரண்டி அடியில் இருப்பதை மேலே புரட்டிக்கொண்டே இருக்கும். காய் கசங்க வேண்டும், கூழாகக் கூடாது. கடைக்குள் அந்த உரல் சத்தம் கேட்டால் தயங்காமல் சொல்லுங்கள். கூடவே ஒட்டரிசிச் சோறு எடுத்துக் கையாலே உருட்டிச் சாப்பிடலாம். வடகிழக்குத் தாய்லாந்தில் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.

சூப்பில் தொம் யம். இறால் போட்ட தொம் யம் 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பேரரத்தைத் துண்டும் எலுமிச்சம்புல் தண்டும் மிதக்கும். அவற்றைக் கறிவேப்பிலைபோல ஒதுக்கிவிட வேண்டும். பல பிள்ளைகள் அவற்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று எழும்பிப் போகிறார்கள்.

பச்சைக் கறியில் நம் வீட்டுச் சமையலுக்கும் அவர்களுடையதற்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும். அளவெட்டி வீட்டில் முதற்பால் கடைசியில்தான் சட்டிக்குள் போகும். திரையாமல் ஒரு கொதியில் இறக்குவார்கள். தாய்லாந்தில் கட்டிப்பாலை முதலில் காய்ச்சி, எண்ணெய் பிரிந்த பிறகு அதிலேயே அரைத்த கூட்டை வதக்குவது பழைய முறை. கறியின் மேல் பச்சை எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்தால் சமையல்காரர் பொறுமையோடு நின்றிருக்கிறார்.

அப்பா அம்மாவோடு போகிற பிள்ளைகளுக்கு மஸ்ஸமான். ஏலம், கறுவா, கராம்பு, சீரகம், கொத்தமல்லி போட்டு, உருளைக்கிழங்கும் கச்சானும் சேர்த்து மெல்ல வேகவைக்கிற இறைச்சிக் கறி. உறைப்புக் குறைவு, ஆட்டிறைச்சிக் கறி பழகிய வாய்க்கு முதல் கவளத்திலேயே பிடிக்கும். பிறைட் றைஸ் சொல்லச் சொன்ன அம்மாவே இரண்டாம் முறை அள்ளிப் போடுவார்.

விரதகாரர் கவனிக்க வேண்டியது ஒன்று. மரக்கறிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. கறிக்கூட்டில் இறால் விழுது அரைபட்டிருக்கும். மற்றவற்றில் மீன் சாறு இருக்கும். அளவெட்டிக் கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழா முடியும்வரை மச்சம் தொடாத வீட்டில் இருந்து போனவர்கள், இந்த இரண்டும் இல்லாமல் செய்து தர முடியுமா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். "ஜே" என்று சொன்னால் தாய்லாந்துச் சமையல்காரருக்கு விளங்கும்: மச்சமும் முட்டையும் பாலும் மட்டுமல்ல, உள்ளியும் வெங்காயமும் இல்லாத சாப்பாடு அது.

நூடில்ஸ் சூப் தவிர மற்றதற்குச் சொப்ஸ்டிக் கேட்க வேண்டாம். அங்கே வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்ளுக்கரண்டி. ஆளுக்கொரு கோப்பை சொல்வதும் அந்த ஊர் வழக்கம் இல்லை. நடுவில் சோறு, சுற்றிவர ஒரு புளி, ஒரு பால்கறி, ஒரு சம்பல். ஆறு பேர் நான்கு வகை எடுத்தால் காசும் குறையும், நாக்கும் நான்கு பக்கம் போய் வரும்.

உறைப்பு எவ்வளவு என்று கேட்டதும் ஆகக் கூடிய அளவைச் சொல்லி, அழுதுகொண்டு வீடியோ எடுப்பது இப்போதைய மோகம். அதில் எந்தச் சுவையும் தெரியாது. நடு அளவில் எடுத்து, மீன் சாற்றில் நறுக்கிப் போட்ட மிளகாயைத் தனியாகக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். மீன் சாற்றின் மணம் முதல்நாள் முகத்தைச் சுளிக்க வைத்தால் பயப்பட ஒன்றுமில்லை. கருவாடு பொரிக்கிற மணத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது சீக்கிரம் பழகிவிடும். ஒருவருக்குத் தேங்காய்ப்பால் பக்கம் சாய்வு, இன்னொருவருக்குப் புளிப் பக்கம். அது பக்கத்தில் இருக்கிற நண்பனுக்குத் தெரியாது, அம்மாவுக்கும் முழுதாகத் தெரியாது. படிப்பிலும் இப்படித்தான்: நண்பன் எடுத்தான் என்று கணக்கியலை எடுத்து, இரண்டாம் வருடத்தில் தவிக்கிற பிள்ளைகளும் இதே மேசைகளில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேண்டியது, நாலைந்தைத் தொட்டுப் பார்க்கிற அவகாசமும், பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு துணிவும்.

இரண்டு மூன்று முறை போய் முகம் பழகிய பிறகு கெங் சொம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பால் இல்லாத, பழப்புளியில் மீன் போட்ட கறி. தெற்குத் தாய்லாந்தில் மஞ்சளும் சேர்ப்பார்கள். பட்டியலில் அநேகமாக இருக்காது. சமையல்காரர் தமக்கு வைத்ததில் ஒரு கிண்ணம் தரக்கூடும். இல்லையென்றால், எந்த நாளில் வந்தால் கிடைக்கும் என்று சொல்வார்.