தெர்மாகோல் வீடு யார் செய்தது?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் சந்தா கட்டவில்லை. கேட்டதற்கு, "பிள்ளைக்கு புராஜக்ட்டுன்னு சொல்லிட்டாங்க மேடம். தெர்மாகோல், கலர் பேப்பர், கடையில பிரிண்ட் எல்லாம் சேர்ந்து 180 ரூபாய் ஆயிடுச்சு" என்றார். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து அவரே வெட்டி ஒட்டினாராம். பிள்ளை அதற்கு முன்பே தூங்கிவிட்டாள். மறுநாள் முழு மதிப்பெண். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த மதிப்பெண் யாருக்கு? அம்மாவுக்கா, பிள்ளைக்கா, பிரிண்ட் கடைக்காரருக்கா?

இந்த வேலைகளைப் பள்ளியில் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளை எவ்வளவு புரிந்துகொண்டாள், புரிந்ததை எப்படிப் பயன்படுத்துகிறாள் என்று வருடம் முழுவதும் பார்க்க வேண்டும் என 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நம் மாநிலத்தில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது 100 மதிப்பெண்ணில் 60 மட்டும் பருவத் தேர்வுக்கு. மீதி 40 வளரறி மதிப்பீடு. அதிலும் 20 சிறுதேர்வுக்கு, 20 செயல்பாடுகளுக்கு. மனப்பாடம் செய்து எழுதினால் பிள்ளையின் யோசனை தெரியாது, செய்து பார்த்தால் தெரியும் என்பதுதான் நோக்கம். கடையில் வாங்கி ஒட்டினால் அந்த நோக்கமே கெட்டுப்போகிறது. நம் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதுதான் அதில் தெரியும். ஒரே வகுப்பறையில் இரண்டு மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் "இதை எப்படி செய்தாய்" என்று கேட்க நேரம் கிடைப்பதும் கஷ்டம்தான். அதையும் சொல்ல வேண்டும்.

சரி, யோசனையை எப்படிப் பார்ப்பது? படிக்கத் தெரியாத அம்மாவும் பார்க்கலாம். செலவே இல்லை.

12 புளியங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லா வரிசையிலும் சமமா இருக்கணும், எத்தனை விதமா அடுக்கலாம்?" என்று கேளுங்கள். ஒரு பிள்ளை இரண்டு வரிசையில் ஆறாறாக வைக்கும். இன்னொன்று மூன்று வரிசையில் நான்கு நான்காக. நாமாக எதுவும் சொல்லிக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். (இதுதான் நமக்குக் கஷ்டம், கை பரபரக்கும்!) பிறகு ஒரு கொட்டை கூடக் கொடுங்கள். 13ஐ எப்படி அடுக்கினாலும் ஒற்றை வரிசைதான் வரும். "ஏன் வரலை?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய வகுப்பில் பகா எண் என்று படிக்கப்போவது இதைத்தான்.

மதிப்பெண் போட வேண்டாம். மூன்றைக் கவனித்தால் போதும். ஒரு வழி கிடைத்ததும் நிறுத்திவிட்டாளா, வேறு வழி தேடினாளா? ஏன் என்று தன் வார்த்தையில் சொல்கிறாளா? தப்பாக வந்தால் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குகிறாளா, நம் முகத்தைப் பார்க்கிறாளா? முகத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அது பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நாமும் யோசிக்க வேண்டும்.

இதைப் பள்ளியிலும் கேட்கலாம். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது அதே சட்டம். நம் உறுப்பினர்கள் பலர் அதில் இருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "செயல்திட்டத்தை வகுப்பிலேயே செய்ய வைக்கலாமா சார்? வேப்பிலை, களிமண், பழைய பேப்பர் போதுமே? ஒட்டி முடித்ததும் பிள்ளை எழுந்து நின்று இரண்டு நிமிடம் விளக்கட்டுமே?" என்று கேளுங்கள். ஒருவர் கேட்டால் சண்டை மாதிரி தெரியும், நாலு பேராகப் போங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பிள்ளைகள் 24 கொட்டையை எத்தனை விதமாக அடுக்கினார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்போம்.