பேர் கெட்டுப்போன நாய்

அன்புள்ள தம்பி,

ராசிபுரம் பக்கத்துக் கோழிப்பண்ணையில் நாலு மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றைப் பத்து நாளாகப் பழக்குகிறாய், பேர் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறது, பண்ணைக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். நாய் பழக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் பலரும் இதே இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். அதனால் உனக்கு மட்டும் எழுதாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொல்லாமல் அந்தப் பண்ணைக்குப் போயிருந்தேன். முட்டை வாங்க வந்தவன் மாதிரி வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் 'டைகர்' என்ற சொல் 38 முறை காதில் விழுந்தது. விரல் விட்டு எண்ணினேன். "டைகர், செருப்பை விடுறா." "டைகர், ஷெட்டுப் பக்கம் போகாதே." "ஏய் டைகர்!" தீவன மூட்டை இறக்க வந்த லாரிக்காரர் பொழுது போகாமல் நாலு தடவை கூப்பிட்டார். வீட்டுப் பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டான். குட்டி வந்து நின்றது, நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது, அவன் குனிந்த தலை நிமிரவில்லை, போய்விட்டது. அந்த 38-ல் ஒன்றில்கூட அதற்கு ஒரு லாபமும் இல்லை.

கடைசியில் அந்த வீட்டு ஆயா வந்தார். அலுமினியத் தட்டின் விளிம்பில் கரண்டியால் இரண்டு தட்டு. "த்தோ... த்தோ..." என்று ஒரு குரல். குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் எங்கேயோ கிடந்த குட்டி, காது பின்னால் மடிய, வாய்க்காலைத் தாண்டி ஒரே ஓட்டமாக வந்து அவர் காலடியில் நின்றது. அந்த வீட்டில் நாய் பழக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நாய்களை வைத்துப் பழக்கத்தை ஆராய்ந்த பாவ்லோவ் என்ற விஞ்ஞானியின் பேரை அவர் கேட்டிருக்க மாட்டார். ஆனால் சோறில்லாமல் ஒரு நாளும் அந்தத் தட்டைத் தட்டியிருக்க மாட்டார்.

குட்டியின் காதும் நன்றாக இருக்கிறது, மூளையும் நன்றாக இருக்கிறது. பேர்தான் கெட்டுப்போயிருக்கிறது. மனிதருக்குப் பேர் கெட்டால் சரிசெய்ய ஆயுசு போதாது. நாய்க்கு அந்தக் கஷ்டமில்லை. புதுப் பேர் வைத்துவிடலாம். பண்ணைக்காரர் முகம் சுளிப்பார், ஜாதகம் பார்த்து வைத்த பேர் போலப் பேசுவார். நீ உறுதியாக இரு. கெட்ட பேரைத் தேய்த்துக் கழுவுவதைவிடப் புதுப் பேரைப் பழக்குவது சீக்கிரம் முடியும்.

சொல் நாய்க்குப் பிடிபடாது என்று எவராவது சொன்னால் நம்பாதே. அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் சேஸர் என்ற பார்டர் கோலி நாய்க்கு 1,022 பொம்மைகளின் பேரைக் கற்றுக்கொடுத்தார். 2011-ல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், 7-ஆம் நூற்றாண்டில், நட்டது. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல். அதில் அவன் பின்னால் அவனுடைய நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கும் தனியாக எழுதி, கோவிவன் என்று பேரையும் வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்தப் பேரை மாட்டுப்பட்டியில் நின்று எத்தனை அந்திகளில் கூப்பிட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றும். சரி, நம் வேலைக்கு வருவோம்.

பேர் இரண்டு அசைக்குள் இருக்கட்டும். வீட்டில் ஆள் பேரோடு இடிக்கக் கூடாது. நம் பக்கம் 'மணி' என்று கூப்பிட்டால் நாய்க்கு முன்னால் நாலு மனிதர் திரும்புவார்கள். முக்கியமாக, ஆயா வாயில் நுழைகிற பேராக இருக்க வேண்டும்.

காலை ஐந்தரைக்குத் தொடங்கு. சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் மண்ணில் குட்டியின் பாதம் பொசுங்கும். முதல் பாடம் வீட்டுக்குள், கதவைச் சாத்தி, நீயும் அதுவும் மட்டும். முட்டையை வேகவைத்து வெள்ளைக்கருவைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள். (நாமக்கல் சீமையில் இருந்துகொண்டு டப்பாவில் அடைத்த நாய் பிஸ்கட் வாங்கினால் உனக்கு ஊர்ப்பாசம் இல்லை என்று அர்த்தம்.) குட்டி வேறெங்கோ பார்க்கும்போது பேரைச் சொல். ஒரே ஒரு தடவை. முதலில் காது அசையும். பிறகு தலை திரும்பும். பிறகு கண் உன் கண்ணில் படும். அந்த நொடியில் "சபாஷ்" சொல், சொன்ன பிறகு கையைப் பைக்குள் விட்டு முட்டையை எடு. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் அது உன் சொல்லை விட்டுவிட்டு உன் பையைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளும்.

திரும்பவில்லையா? மறுபடி சொல்லாதே. நாக்கால் ஒரு சத்தம் போட்டுத் திருப்பு. அடுத்த முறை இன்னும் கிட்டத்தில் இருந்து சொல். 'டைகர் டைகர் டைகர் டைகர்' என்று அடுக்கினால் தன் பேரே நாலு டைகர் என்று அது முடிவுகட்டி, நாலாவது வரட்டும் என்று காத்திருக்கும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை போதும். நாளைக்கு மூன்று வேளை. குட்டி இன்னும் வேணும் என்று பார்க்கும்போதே நிறுத்திவிடு.

பேர் என்றால் 'என்னைப் பார்'. அவ்வளவுதான். வரச்சொல்லத் தனிச் சொல் வேண்டும். 'வா' வேண்டாம்; ஒரு தமிழ் வீட்டில் பொழுதுக்கும் யாராவது யாரையாவது வா என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நான் 'ஓடியா' என்று சொல்வேன். அதைக் கோபமாகச் சொல்லவே வராது, சொல்லிப் பார். சொல்லிவிட்டுக் குத்தவை, இல்லையென்றால் திரும்பி எதிர்ப்பக்கம் ஓடு. நீ ஓடினால் அது வரும். நீ துரத்தினால் அது ஓடும்.

என் கதை ஒன்று சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் கன்னி இனத்து நாய் ஒன்று இருந்தது. கூப்பிட்டால் வரும். வந்து ஐந்தடி தள்ளி நின்றுவிடும். நான் ஓரடி வைத்தால் அது ஓரடி பின்னால் போகும். நான் உட்கார்ந்தால் அதுவும் உட்காரும். சோளக்காட்டு வரப்பில் ராத்திரி பத்து மணி வரை இரண்டு பேரும் இப்படி ஆடியிருக்கிறோம். திமிர் என்று நினைத்தேன், ஒருநாள் அடிக்கவும் செய்தேன். மறுநாளிலிருந்து ஐந்தடி பத்தடியாயிற்று. தினம் சாயங்காலம் கூப்பிட்டு, கழுத்துப்பட்டையைப் பிடித்து, சங்கிலியில் கட்டியவன் நான்தான் என்பது எனக்கு உறைக்க மூன்று மாதம் பிடித்தது. என் குரல் அதற்குப் பிடித்திருந்தது. கைதான் பிடிக்கவில்லை.

ஆகவே வந்தவுடன் பட்டையைத் தொடு, தொட்டுக்கொண்டே முட்டையைக் கொடு, விட்டுவிடு. பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை திரும்ப விளையாட விட்டுவிட வேண்டும். குளிப்பாட்ட, ஊசி போட, கட்டிப்போட என்றால் கூப்பிடவே கூடாது. நீயே போய்த் தூக்கிக்கொண்டு வா. எத்தனை நேரம் கழித்து வந்தாலும் வந்த நாயைத் திட்டாதே. அது தாமதத்துக்குத் திட்டு வாங்கியதாக நினைக்காது, வந்ததற்கு வாங்கியதாகவே நினைக்கும்.

வெளியே போகும்போது முப்பதடி லேசான கயிறு. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை ஒடுக்கம், பட்டை காது வழியாக உருவிக்கொள்ளும். ஓட்டத்தில் சுண்டினால் கழுத்தும் தாங்காது. கயிற்றை மார்புப் பட்டையில் மாட்டு. நைலான் என்றால் கையுறை போட்டுக்கொள், உள்ளங்கை வெந்துபோகும். தடுப்புச்சுவர் இல்லாத கிணறு எங்கெங்கே என்று முதல்நாளே நடந்து பார்த்துவை.

இவை கண்ணால் வேட்டையாடும் சாதி. முயலோ மயிலோ கண்ணில் பட்டு ஓட்டம் எடுத்துவிட்டால் காது அடைத்துவிடும், அப்போது தொண்டை கிழியக் கத்தினாலும் பேர்தான் வீணாகும். அதற்கு முன்னால் ஒரு நொடி கிடைக்கும்: வாய் மூடும், காது நிமிரும், ஒரு முன்னங்கால் தரையை விட்டு எழும். அங்கே சொல் உன் 'ஓடியா'வை. அந்த நொடியைப் பிடிக்கிறவன்தான் பழக்குநர். மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, நாய் கடித்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பண்ணைக்காரர். இதை அட்வான்ஸ் பேச்சு வரும்போது சொல்லிவை. சேலம்–நாமக்கல் 44-ஆம் எண் நெடுஞ்சாலை லாரிகளைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஆறாம் மாதத்தில் எல்லாம் மறந்தது போல நடிக்கும். பயப்படாதே, கயிற்றை மறுபடி கட்டு, அறைக்குள்ளிருந்து மறுபடி ஆரம்பி.

இன்னொன்று. வெள்ளை ராஜபாளையம் குட்டிகளில் பிறவிச் செவிடு அடிக்கடி உண்டு. அப்படி ஒரு குட்டி உன்னிடம் வந்தால், அது தூங்கும்போது பின்னால் நின்று ஒரு தட்டைக் கையில் பிடித்துக் கரண்டியால் தட்டிப் பார். தட்டைக் கீழே போடாதே, தரை அதிர்வில் எழுந்து உன்னை ஏமாற்றும். காது மடல் அசையவில்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போகச் சொல். செவிட்டு நாயையும் பழக்கலாம். அதற்குப் பேர் என்பது உன் கையசைவு. இருட்டில் டார்ச் வெளிச்சம்.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்காதே, இன்னும் இரண்டு வாரம் கேள். அந்த இரண்டு வாரமும் வீட்டில் உள்ளவர்கள் 'டைகர்' என்றே திட்டிக்கொள்ளட்டும், அது எப்படியும் போன பேர். புதுப் பேரை நீயும் ஆயாவும் மட்டும் சொல்லுங்கள். அறையின் இரண்டு மூலையில் எதிரெதிரே உட்கார்ந்து, மாற்றி மாற்றி. பையனுக்கு மூன்றாவது வாரம் சொல்லிக்கொடு, செல்போனை வாங்கி வைத்துவிட்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன், ஆறு முட்டை வேகவைத்து வை. லாரிக்காரரிடம் மட்டும் அந்தப் பேரைச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் அண்ணன்