கூட்டி வந்தவர் யார்? – ரெஃபரல் விட்ஜெட் ஒரு பாடம்



"புது ஆளைக் கூட்டிட்டு வாங்க, உங்களுக்கும் தள்ளுபடி, அவருக்கும் தள்ளுபடி." ஜவுளிக்கடைக்காரர்களுக்கு இது பழைய வித்தை. இதையே இணையதளத்தில் செய்தால் ரெஃபரல் திட்டம். டிராப்பாக்ஸ் நிறுவனம், நண்பரைச் சேர்த்தவர், சேர்ந்தவர் இருவருக்குமே இலவச சேமிப்பிடம் தந்தது. 2008 செப்டம்பரில் 1 லட்சமாக இருந்த அதன் பயனாளர்கள், 2010 ஜனவரியில் 40 லட்சம் ஆனார்கள். இதில் ரெஃபரலுக்குப் பெரும் பங்கு உண்டு.

விட்ஜெட் என்பது என்ன?

வேறொரு சர்வரிலிருந்து வந்து நம் பக்கத்தில் உட்காரும் சின்னப் பெட்டி. பதிக்க இரண்டு வழி உண்டு.

1. ஐஃப்ரேம்: பக்கத்துக்குள் இன்னொரு பக்கம். நம் சி.எஸ்.எஸ். உள்ளே செல்லாது. நிறம், எழுத்தெல்லாம் விட்ஜெட் தருபவரின் செட்டிங்கில்தான் மாற்ற முடியும்.

2. ஸ்கிரிப்ட்: நம் பக்கத்திலேயே பெட்டியை வரையும். மாற்றுவது சுலபம். ஆனால் நம் ஸ்டைலும் அதன் ஸ்டைலும் மோதிக்கொள்ளலாம், கவனம்!

மாற்ற வேண்டியவை

* வாசகம்: பொத்தானில் 'சப்மிட்' வேண்டாம், 'நண்பருக்கு அனுப்பு' என்று போடுங்கள். பரிசு என்ன, எப்போது கிடைக்கும் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும்.
* அகலம்: பிக்சலில் கட்டிப்போடாமல் 100 சதவீதம் கொடுங்கள். செல்போனில் பார்ப்பவர்களே அதிகம்.
* வாட்ஸ்அப் செய்தி: என்கோடுயூஆர்ஐகம்போனென்ட் மூலம் மாற்றி அனுப்புங்கள். இல்லாவிட்டால் 'அண்ட்' குறி வந்த இடத்தோடு செய்தி அறுந்துவிடும்.

உயிர்நாடி எது?

அழகு அல்ல, குறியீடு! மாலா அனுப்பிய லிங்க்கில் அவருடைய குறியீடு இருக்கிறது. தோழி இன்று திறக்கிறார், பத்து நாள் கழித்து வாங்குகிறார். குறியீடு முகவரியில் மட்டும் இருந்தால், அடுத்த பக்கம் போனதுமே காணாமல் போகும். ஐஃப்ரேமின் குக்கீயையும் நம்ப முடியாது. மூன்றாம் தரப்புக் குக்கீகளை சஃபாரி 2020 முதல் முழுவதும் தடுக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கீக்கும் அங்கே 7 நாள்தான் ஆயுள். ஆகவே கடையின் சர்வரே தன் பெயரில் குக்கீயை எழுதி, ஆர்டரோடு குறியீட்டையும் பதிவு செய்ய வேண்டும்.

இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? மாலாவுக்குப் பரிசு வராது. அவர் குக்கீயைத் திட்ட மாட்டார். "கடைக்காரர் ஏமாத்திட்டார்" என்பார். ஊரெல்லாம் சொல்வார். வாடிக்கையாளரைச் சேர்க்க வைத்த பெட்டி, இருப்பவரையும் விரட்டிவிடும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள்

பரிசுக் கணக்கை பிரவுசரில் போடாதீர்கள், யாரும் திருத்தலாம். சர்வரில் போடுங்கள். தனக்குத்தானே ரெஃபரல் செய்பவரைத் தொலைபேசி எண்ணை ஒப்பிட்டுத் தடுக்கலாம்.

நண்பர்களின் எண்களைப் பெட்டியில் கேட்டு வாங்காதீர்கள். சம்மதமில்லாமல் அடுத்தவர் விவரத்தைச் சேர்ப்பது முறையல்ல. 2023-ல் இதற்கென்றே மத்திய சட்டமும் வந்துவிட்டது. லிங்க்கை வாடிக்கையாளரே அனுப்பட்டும்.

செய்து பாருங்கள்

ஒரு போனிலிருந்து லிங்க் அனுப்பி, இன்னொரு போனில் திறந்து, மூடி, பத்து நாள் கழித்து ஆர்டர் போடுங்கள். சர்வரில் மாலாவின் குறியீடு இருக்கிறதா? இருந்தால்தான் வேலை முடிந்தது. அதன்பிறகு நிறத்தைப் பற்றிப் பேசலாம்!