சிறு வணிகரும் விஸிட்டிங் கார்டும்

வணிகஞ் செய்வோர்க்கு நாணயமும் நற்பெயருமே முதற்பொருள் என்பர் பெரியோர். அந்நற்பெயர் வாய்மொழியாகவே எங்கும் பரவுமாயின் விளம்பரம் வேண்டுவதில்லை. ஆயினும் வாய்மொழி நெடுந்தூரஞ் செல்லாது. சென்றாலும் பெயர் திரியும், இடம் மாறும், தொலைபேசி எண் மறந்துபோகும். இக்குறையை நீக்க வந்ததே விஸிட்டிங் கார்டு என்று நாம் வழங்கும் பெயரட்டை.

உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு பொருளைக் குறித்துக் கல்லூரி மலரில் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. நம் மாணவரிற் பலர் சிறு கடையோ பட்டறையோ நடத்தும் இல்லங்களிலிருந்து வருவோர். பழைய மாணவரிற் சிலர் தாமே தொழில் தொடங்கியிருப்போர். கார்டு அடிக்க வேண்டும் என்ற பேச்சு வீட்டில் எழுங்கால், "படித்த பிள்ளை எழுதித் தரட்டும்" என்று பெரியவர்கள் அப்பணியை மாணவரிடமே ஒப்புவித்தல் இயல்பு. அதனைச் செவ்வனே செய்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தோற்றம்

வணிகர் தம் பெயர் பொறித்த சீட்டை வாடிக்கைக்காரர்க்கு வழங்கும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் நன்கு வேரூன்றியிருந்தது. 1760-களில் வீடுகளுக்கு எண் இடும் முறை பரவத் தொடங்குமுன், அந்நகரத்துக் கடைகள் வாயிலில் தொங்கிய சின்னங்களாலேயே அறியப்பட்டன. எல்லிஸ் கேம்பிள் என்னும் பொன் வெள்ளி வணிகரின் கடைக்குச் சின்னம் பொன்மயமான தேவதூதன். அவருடைய சீட்டிலும் தேவதூதன் உருவே பொறிக்கப்பட்டது. கீழே, கடை இருக்கும் தெருவும், அங்கே செய்வதும் வாங்குவதும் விற்பதும் இன்னின்ன என்பதும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சு மொழியிலும் எழுதப்பட்டிருந்தன. அவரிடம் தொழில் பயின்ற வில்லியம் ஹோகார்த், பிற்காலத்தில் பெரும் ஓவியராகப் புகழ் பெற்றவர், தனித் தொழில் தொடங்கியபோது 1720-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாளிட்டுத் தமக்கென ஒரு சீட்டைத் தாமே செதுக்கிக்கொண்டார். இத்தகைய சீட்டுக்கள் பலவற்றை ஸாரா பாங்க்ஸ் அம்மையாரும் பின்னர் ஆம்ப்ரோஸ் ஹீல் என்பவரும் அரிதின் முயன்று திரட்டினர். அத்தொகுதிகள் பிரிட்டிஷ் மியூஸியத்தில் உள்ளன.

கேம்பிளின் சீட்டு நமக்கு மூன்று பாடங்களைக் கற்பிக்கின்றது. வாயிலில் காணும் சின்னமே சீட்டிலும் இருந்தமையால், வருவோன் கடையை ஐயமின்றி அடையாளங் கண்டான். செய்யும் தொழில் இன்னதென்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. வாங்க வருவோர் எம்மொழியினரோ அம்மொழியும் அதில் இடம் பெற்றது. முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் இம்மூன்றும் பழையனவாகிவிடவில்லை.

யாருக்காக?

ஓர் உதாரணங் கொள்வோம். ஒரு சிறு நகரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்று இருக்கின்றது. சுற்றியுள்ள கிராமங்களின் கிணற்று மோட்டாரும் போர் மோட்டாரும் அங்கே வருகின்றன. நெல் பால் பிடிக்கும் பருவம். ஒரு விவசாயியின் மோட்டார் இரவில் புகைந்து நின்றுவிடுகின்றது. இரண்டு மூன்று நாளில் நீர் பாயாவிடில் பயிர் கருகும். என்றோ ஒரு நாள் யாரோ கொடுத்த கார்டை அவர் அலமாரியிலும் சட்டைப்பையிலும் தேடி எடுத்து, மங்கிய விளக்கொளியில் கண்ணருகே கொண்டுபோகின்றார்.

அந்நேரத்தில் அவர் அறிய விரும்புவன நான்கே. இவர் என் மோட்டாரைச் சரிசெய்வாரா? எந்த எண்ணில் அழைப்பது? மோட்டாரை எங்கே கொண்டு செல்வது? இப்போது அழைக்கலாமா? இந்நான்கிற்கும் விடை தரும் அட்டை நல்ல அட்டை. தராதது எத்துணைப் பொன்னிறத்தில் மின்னினும் பயனற்றது. அட்டை அச்சிடப்படுவது அதனைக் கொடுப்பவருக்காக அன்று, தேடி எடுப்பவருக்காகவே என்பதை உள்ளத்திற் கொண்டால், மற்றெல்லாம் தாமே தெளிவாகும்.

சொல்லும் பொருளும்

நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை வகுத்துக் கூறினார். பெயரட்டையும் ஒரு சிறு நூலே. அப்பத்தினுள் நான்கு இதற்குப் பெரிதும் பொருந்துகின்றன.

முதலாவது குன்றக்கூறல். கடைப்பெயரோடு "என்டர்பிரைஸஸ்" என்றோ "டிரேடர்ஸ்" என்றோ ஒரு சொல்லைச் சேர்த்து, உரிமையாளர் பெயரையும் எண்ணையும் எழுதி முடித்துவிடுவோர் பலர். என்ன தொழில் என்பது அதில் இல்லை. ஆறு திங்கள் கழித்து அக்கார்டைக் காண்பவர் இது நூற்கடையா நெற்கடையா என்று திகைப்பார். ஆகவே தொழிலே முன் நிற்க வேண்டும். அதுவும் வாடிக்கைக்காரர் வாயில் வழங்கும் சொல்லில் நிற்க வேண்டும். "மின்னியக்கிச் சுருள் புனைவகம்" என்று எழுதின் தமிழார்வம் விளங்கும், மோட்டார் வாராது. "மோட்டார் காயில் கட்டித் தரப்படும்" என்பதே அவ்விவசாயிக்கு விளங்கும் தமிழ்.

இரண்டாவது மிகைபடக்கூறல். இருபது வேலைகளின் பட்டியல், மூலைக்கொரு படம், நான்கு தொலைபேசி எண்கள் என்று நிரப்பினால் கண் எதிலும் நிலைக்காது. நான்கு எண் கொடுத்தவர், எதனை முதலில் அழைப்பது என்ற ஐயத்தையும் உடன் கொடுத்தவராவார். எப்பொழுதும் எடுக்கப்படும் எண் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. பத்து இலக்கங்களையும் ஒரே தொடராக இடாது, ஐந்தைந்தாகப் பிரித்து இடுதல் படிப்பதற்கு எளிது. பிள்ளையார் சுழியையோ சிலுவைக்குறியையோ மேலே சிறியதாக இடுதல் நம் நாட்டு வணிகர் வழக்கு. அதனை நீக்கச் சொல்ல யாம் துணியோம். அது எழுத்தை நெருக்காமல் நின்றாற் போதும்.

மூன்றாவது கூறியது கூறல். "ரிப்பேர், சர்வீஸ், பழுது பார்த்தல்" என்பன மூன்றும் ஒன்றே. கைப்பேசியின் படத்தை இட்டு, அருகே "செல்" என்றும் எழுதுதல் வீண். இடம் மிகக் குறைவாதலின் ஒவ்வொரு சொல்லும் தன் வாடகையைத் தானே ஈட்டல் வேண்டும்.

நான்காவது மாறுகொளக்கூறல். கார்டில் ஒரு பெயர், பெயர்ப்பலகையில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர் என்றிருப்பின் புதியவர் மயங்குவர். இரு மொழியில் அச்சிடுங்கால் இக்குற்றம் எளிதில் நேரும். தமிழ்ப் புறத்தில் ஓர் எண் பிழைபட, ஆங்கிலப் புறத்தில் அது சரியாக இருத்தலைக் காண்கின்றோம். நாம் கண்ட பட்டறைக்கு முன்புறம் தமிழும் பின்புறம் ஆங்கிலமும் தக்கன; விவசாயிகள் முன்புறத்தையும், செப்புக்கம்பி அனுப்பும் மொத்த வணிகரும் பார்சல் அலுவலகத்தாரும் பின்புறத்தையும் நோக்குவர். இருபுறமும் ஒரே செய்தி, ஒரே முறையில் அமைதல் வேண்டும்.

விலாசத்தைப் பொறுத்தவரை, கதவெண்ணும் தெருப்பெயரும் தபாற்காரருக்கு வேண்டுவன. மோட்டாரை வண்டியில் ஏற்றி வருபவருக்கு வேண்டுவது "பேருந்து நிலையத்தின் பின்புறம்" என்பது போன்ற அடையாளமே. இரண்டும் இருத்தல் நலம்.

எழுத்து

அச்சுத் தொழிலில் எழுத்தைப் பாயிண்டு என்னும் அளவால் அளப்பர். இக்காலக் கணினி அச்சமைப்பில் 72 பாயிண்டு ஓர் அங்குலம். பெயரட்டையில் தமிழ் எழுத்து 8 பாயிண்டுக்குக் குறைதல் ஆகாது. தொழிலும் எண்ணும் 12 பாயிண்டு அளவிலேனும் விளங்க நிற்றல் வேண்டும்.

தமிழெழுத்துக்கள் வளைவும் சுழியும் மிக்கவை, சொற்களும் நீளமானவை. ஆகவே தமிழுக்கு இடம் மிகுதியும் வேண்டும். இது புதிதாகத் தோன்றிய இடர்ப்பாடன்று. ஜெர்மனி தேசத்து ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713-ஆம் ஆண்டில் தரங்கம்பாடி மிஷனுக்கு வந்த தமிழெழுத்துக்கள் பருத்திருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. அதனால் சிறிய எழுத்துக்களை மிஷனெரிமார் இங்கேயே வார்ப்பிக்க நேர்ந்தது. நாமோ எழுத்தைச் சிறிதாக்குவதினும் சொல்லைக் குறைப்பதே தக்கது.

ன, ண ஆகிய இரண்டும் சிறிய அளவில் ஒன்றுபோல் தோன்றும். மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துவிடின் "கல்" என்பது "கல" ஆகிவிடும். கருநிறப் பின்புலத்தில் வெள்ளெழுத்தாக அச்சிடும்போது மை பரவிப் புள்ளிகள் அடைபடுதல் உண்டு. ஆதலின் வெண்மையான அட்டையில் கருமையான எழுத்தே சிறு வணிகர்க்கு உற்ற துணை. மேலும், தமிழை முறையாகக் கோக்கத் தெரியாத பழைய கணினிச் செயலிகளில் "கொ", "கோ" முதலிய எழுத்துக்களின் கொம்பும் காலும் இடம் பெயர்ந்து நிற்கும். அச்சகத்தார் அதனைக் கவனியாது விடலாம். எழுதிக் கொடுத்தவர் விடலாகாது.

அட்டையும் அச்சும்

நம் நாட்டு அச்சகங்களில் பெரும்பாலும் வழங்கும் அளவு 3½ அங்குல நீளமும் 2 அங்குல அகலமும் ஆகும். இதனை மீறிப் புதுமை செய்தால் பணப்பையில் அடங்காது; அடங்காதது எறியப்படும். வெட்டும் கத்தி சிறிது விலகுதல் இயல்பாதலின், பின்புல நிறத்தை விளிம்புக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டியும், எழுத்தை விளிம்புக்கு உள்ளே அவ்வளவேனும் தள்ளியும் அமைத்தல் வேண்டும். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள அட்டை மடங்காது நிற்கும். பட்டறையில் கிரீஸ் படிந்த கைகள் தொடுமாதலால் முன்புறத்திற்கு லேமினேஷன் நன்று. பின்புறத்தை அவ்வாறு மூடாது விட்டால், மோட்டாரின் குதிரைத்திறனையும் திரும்பத் தரும் நாளையும் பேனாவால் எழுதிக் கொடுக்கலாம். இலண்டன் வணிகரும் தம் சீட்டின் பின்புறத்திற் கணக்கெழுதிக் கொடுத்ததுண்டு. குறிப்பெழுதிய அட்டையை எவரும் எளிதில் எறியார்.

இக்காலத்தில் கியூ.ஆர். குறியும் கார்டில் இடம்பெறுகின்றது. ஜப்பானில் மோட்டார் வாகன உறுப்புக்களைக் கணக்கிடும் பொருட்டு 1994-ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட இக்குறி, இன்று பணஞ் செலுத்தவும் இடங் காட்டவும் பயன்படுகின்றது. பக்கம் 2 சென்டிமீட்டர் அளவேனும் இருத்தலும், நாற்புறமும் வெற்றிடம் விடுதலும் வேண்டும். அது எதற்கான குறி என்பதை அருகே ஒரு சொல்லால் உணர்த்துதல் கடமை. கடைக்கு வழி காண விரும்பியவர் முன் பணங் கேட்கும் பக்கம் திறந்தால் அஞ்சுவார். சில நிறுவனங்கள் வழங்கும் குறிகள் சந்தா நின்றவுடன் செயலற்றுப் போவன. ஆகவே குறியை நம்பி எழுத்தால் எண் தருவதை விடலாகாது.

அச்சுக்கு முன் செய்யத்தக்க சோதனைகள் மூன்று. மெய்ப்பிலுள்ள எண்ணைப் பார்த்தே அழைத்துப் பார்த்தல். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரை மாலை வெளிச்சத்தில் படிக்கச் செய்தல். ஊருக்குப் புதியவர் ஒருவரை அவ்விலாசத்தை மட்டும் கொண்டு கடையைக் கண்டறியச் செய்தல். ஆயிரம் அட்டை அச்சான பின்னர் காணும் ஓர் இலக்கப் பிழை, சிறு வணிகரின் பல நாள் வருவாயை விழுங்கிவிடும்.

வாய்மை

இறுதியாக ஒன்று. அரசாங்கச் சின்னமாகிய அசோகச் சிங்கத்தை அனுமதியின்றித் தொழிலுக்குப் பயன்படுத்துவதை 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. அதனைத் தம் கார்டில் பொறிக்க விரும்புவோர்க்கு நம் மாணவர் எடுத்துரைக்க வேண்டும். சட்டந் தொடாத பொய்களும் உள. "24 மணி நேரச் சேவை" என்று அச்சிடுதல் எளிது. மூன்று சொல்லிலும் ஓர் எண்ணிலும் அடங்கும். ஆனால் புகைந்த மோட்டாரின் அருகே நின்று நள்ளிரவில் அவ்வெண்ணை அழைக்கும் விவசாயி அச்சொற்களை நம்பியே அழைக்கின்றார். மறுமுனையில் கைப்பேசி அணைக்கப்பட்டிருப்பின், வேறு இடம் தேடுவதற்குரிய நேரத்தையும் அக்கார்டு அவரிடமிருந்து கவர்ந்ததாகும். "காலை 7 முதல் இரவு 9 வரை" என்ற மெய் அதனினும் பன்மடங்கு உயர்ந்தது; அவர் அப்பொழுதே வேறு வழி நாடுவார், அல்லது விடியும்வரை பொறுப்பார்.

ஆதலின், மாணவ நண்பர்காள், உங்கள் தந்தையாரோ அண்டை வீட்டாரோ கார்டு எழுதித் தரக் கேட்பின், அலங்காரத்தை எண்ணுமுன் அதனைத் தேடி எடுக்கப்போகும் மனிதரை எண்ணுங்கள். அவர் கேட்கும் நான்கு கேள்விகளுக்கும் சுருங்கிய சொல்லால், தெளிந்த எழுத்தால், மெய்யான விடை தாருங்கள். சிறு வணிகர் இல்லாத இடத்தும் அவருக்காகப் பேசுவது அவ்வட்டையே. அது பேசும் சொல்லை அவர் காக்கும் அளவிலேயே அவர் தொழிலும் நிலைபெறும்.