கடை ஊழியரின் முகம் வாடுவது ஏன்?

ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டும் பெண்ணின் முகம் வாடியிருந்தால், முதலாளி முதலில் கவனிக்க வேண்டியது அவருடைய கால்களை. நாள் முழுக்க நின்றால் கணுக்கால் வீங்கும். கெண்டைச்சதையில் ரத்தநாளம் சுருண்டு புடைக்கலாம். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியருக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கின. ஆனாலும் சில கடைகளில் ஸ்டூல் பெயருக்குத்தான் கிடக்கிறது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார் என்ற பயம். கூட்டம் இல்லாதபோது உட்காரலாம் என்று முதலாளியே எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பயம் போகும்.

அடுத்தது சம்பளம். 7ஆம் தேதிக்குள் வரவேண்டிய பணம் தள்ளிப்போனால் வீட்டு வாடகைக்கே கைமாற்று வாங்க வேண்டும். கடையின் மற்ற பாக்கிகளை அப்புறம் பார்க்கலாம். சம்பளத் தேதி மாறக் கூடாது.

வாடிக்கையாளர் முன்னால் திட்டுவது இவை எல்லாவற்றையும்விட ஆழமாகக் காயப்படுத்தும். தவறு நடந்தால் தனியே அழைத்துப் பேசலாம். வார விடுமுறையை முந்தின இரவு ரத்து செய்வதும் வேண்டாம்.

ஊழியர் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பும் நாளில் காரணம் கேட்டுப் பயனில்லை. இந்த வாரமே ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள்.