சொல் அடைபட்டவர்களிடம் போகும் உனக்கு

தாயி, பேச்சுப் பயிற்சி படித்து முடித்து ராஜபாளையத்தில் வேலை தொடங்கப் போகிறாய். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களும், ஒரு மடக்குத் தண்ணீருக்கே தடுமாறுகிறவர்களும் உன்னைத் தேடி வருவார்கள். பயிற்சி முறைகளைக் கல்லூரியில் கற்றிருப்பாய். அங்கே கிடைக்காத சிலவற்றை நான் சொல்கிறேன்.

1. கூட வந்தவரிடம் பேசாதே, நோயாளியிடம் பேசு. 1861-இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் ஒருவரைப் பார்த்தார். அவர் வாயில் 'டான்' என்ற ஒலியைத் தவிர வேறெதுவும் வரவில்லை. ஆனால் பிறர் சொன்னது பெரும்பாலும் அவருக்குப் புரிந்தது. இறந்தபின் பார்த்தபோது மூளையின் இடப்பக்க முன்பகுதி கெட்டிருந்தது. நம் பக்கத்து மில் கணக்கர் ஒருவருக்கும் இதே நிலைதான். "அப்பாவுக்குப் புத்தி பிசகிப்போச்சு" என்று சொல்லி, அவர் எதிரிலேயே சொத்தைப் பிரிக்கப் பேசினார்கள். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்ததை நான் பார்த்தேன். சிலருக்குப் புரிதலும் குறையும். அப்போதும் மரியாதை குறையக் கூடாது.

2. நோயாளி சொல் தேடும்போது நீ எடுத்துக் கொடுக்காதே. காத்திரு. இந்த வேலையில் பாதி அதுதான்.

3. வீட்டில் என்ன மொழி என்று முதல் நாளே கேள். ராஜபாளையத்து ராஜு சமூகத்தாருக்கு வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ். புழக்கம் அதிகமுள்ள மொழியே முதலில் திரும்பும் என்று பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1895-இல் எழுதினார். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. தமிழில் என்ன கேட்டாலும் வெறித்துப் பார்த்த ஒரு பாட்டியிடம், பக்கத்துப் படுக்கைப் பெண் தெலுங்கில் "சாப்பிட்டீர்களா?" என்றாள். பாட்டி சட்டென்று "லேது" (இல்லை) என்றார். நம் கேள்வியின் மொழியும் சோதனையில் ஒரு பகுதி.

4. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறவர்களிடம் இதைப் பார்ப்பாய்: தன் பெயரைச் சொல்ல வராத ஒருவர் திருப்பாவையைப் பிசிறில்லாமல் பாடுவார். பேச்சு வந்துவிட்டது என்று வீடே கொண்டாடும். சிறு வயதிலிருந்து மனப்பாடமான பாட்டு வேறு வழியாக வெளியே வருகிறது. சொந்தமாகச் சொல் கோப்பது வேறு வேலை. ராகத்தில் ஏற்றிச் சொற்களைப் பழக்கும் முறையைப் பாஸ்டன் ஆய்வாளர்கள் 1973-இல் வெளியிட்டார்கள். பாட்டைப் பயன்படுத்து, ஆனால் அதை வைத்து ஆசை காட்டாதே.

5. விழுங்குவதில்தான் உயிர் இருக்கிறது. இங்கே உனக்குப் பயம் வேண்டும். "வெறும் தண்ணிதானே" என்பார்கள். தண்ணீர்தான் வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கும். புரையேறி இருமினால் தெரிந்துவிடும். இருமலே இல்லாமல் இறங்குவதும் உண்டு. விழுங்கியபின் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் நிறுத்து. நிமிர்த்தி உட்காரவை, சிறு கரண்டியில் கொடு, வாய் காலியானதா என்று பார், சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கவிடாதே. வாயைச் சுத்தமாக வைத்தால் நெஞ்சுச் சளிக்காய்ச்சலும் குறையும். தண்ணீரைக் கெட்டியாக்கினால் எல்லோருக்கும் சரி என்றும் நினைக்காதே. கூழானாலும் கஞ்சியானாலும் பதத்தை ஒவ்வொருவருக்கும் சோதித்துச் சொல். இன்னொன்று: பார்க்க வருகிறவர்கள் பால்கோவா கொண்டுவருவார்கள். முகம் சுளித்துப் பிடுங்காதே. குழாய்வழிச் சாப்பாட்டிலேயே மாதக்கணக்கில் இருந்த ஒருவர், ருசி மறந்து போச்சு என்று எழுதிக் காட்டினார். எது, எப்போது, எவ்வளவு பாதுகாப்பு என்று சோதித்துச் சொல்ல நீ அங்கே இருக்கிறாய்.

6. நாக்குக் குழறுவதை மானக்கேடாக எண்ணி வீட்டுக்குள் ஒடுங்குகிறவர்களிடம் எம்.ஜி.ஆரைப் பற்றிப் பேசு. 1967-இல் குண்டடி பட்டுக் குரல் மாறியது. 1984 அக்டோபரில் பக்கவாதம் வந்து பேச்சு மேலும் குலைந்தது. புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபடியே ஆண்டிபட்டித் தொகுதியில் வென்றார். 1987 டிசம்பரில் இறக்கும்வரை முதலமைச்சராக இருந்தார். குரல் மாறியிருந்த அவரை 1977-இல் தேர்ந்தெடுத்தது நம் அருப்புக்கோட்டை. குழறிய பேச்சையும் ஜனங்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள்.

7. ஆடிப்பூரத் தேரை ஒரு கை இழுக்காது. வாரத்தில் உன்னிடம் நோயாளி இருப்பது கொஞ்ச நேரம், மிச்சமெல்லாம் வீட்டில். மனைவிக்கும் மருமகளுக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடு. அவர்கள் தூங்கினார்களா என்றும் கேள்.

8. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், மூளை பாதிப்பால் சொல் அடைபடும் அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாடு இடம்பெற்றிருக்கிறது. கைகால் நன்றாக இருப்பதால் பலர் சான்றிதழுக்குப் போவதே இல்லை. பேச முடியாதவர் அலுவலகத்தில் தன் உரிமையை எப்படிக் கேட்பார்? தகுதியுள்ள ஒருவரையும் விண்ணப்பிக்காமல் வீட்டுக்கு அனுப்பாதே; படிவத்தை நிரப்ப நீயே உட்கார்.