இரு சாளரமும் ஓர் ஆடியும்: கமராவிற் குவியப்படுத்தல்

மாணவர்களே, பெருவிரலை முகத்துக்கு முன்னே நீட்டிப் பிடியுங்கள். இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் பக்கவாட்டில் தாவுவதுபோலத் தோன்றும். விரல் அண்மையில் இருப்பின் தாவல் பெரிது. சேய்மையில் இருப்பின் சிறிது. தூரமானிக் கமரா தூரத்தை அறிவது இவ்வேறுபாட்டைக் கொண்டே.

அத்தகைய கமரா நம் ஒன்ராறியோவிலேயே செய்யப்பட்டது என்பதைப் பலர் அறியார். ரொறன்ரோவுக்கு வடக்கே, ஜோர்ஜியன் குடாக்கரையில் உள்ள மிட்லண்ட் நகரில் ஏர்ன்ஸ்ட் லைற்ஸ் நிறுவனம் 1952இல் தொழிற்சாலை அமைத்தது. லைக்கா எம்4-2 கமரா 1977 முதல் அங்கே உருவாயிற்று. அதன் முகப்புச் சாளரங்களுள் இரண்டு தூரத்தை அளப்பவை. அவற்றின் இடைவெளி ஏறத்தாழ 69 மி.மீ.; நம் கண்களின் இடைவெளியைவிடச் சற்றே கூடியது. அவற்றின் வழியே வரும் இரு விம்பங்களும் ஒன்றாகப் பொருந்தும்வரை வில்லையின் வளையத்தைத் திருப்ப வேண்டும்.

எஸ்.எல்.ஆர். எனப்படும் தெறிப்புக் கமராவில், படமெடுக்கும் வில்லையினூடாக வரும் ஒளியையே ஓர் ஆடி மேலே தெறித்துத் திரையில் விழுத்துகிறது.

எது துல்லியமானது? எவ்வில்லையை மாட்டினும் தூரமானியின் சாளரங்கள் விலகுவதில்லை. அதன் துல்லியமும் மாறுவதில்லை. 28 மி.மீ. அகல்கோண வில்லைக்கு அது தாராளமாகப் போதும். தெறிப்புக் கமராவிலோ அவ்வில்லை எல்லாவற்றையும் சிறிதாகவும் கூர்மையாகவும் காட்டுவதால் கண் தடுமாறும். 200 மி.மீ. வில்லையில் நிலைமை தலைகீழ்: திரையில் உருவம் பெருக்கும், பிழை உடனே தெரியும். தூரமானிக்கு 135 மி.மீ. எல்லை எனலாம்.

மங்கிய ஒளியில் வில்லையை அகலத் திறக்கும்போதே உண்மையான சோதனை. மிட்லண்டில் வால்ற்றர் மண்ட்லர் வடிவமைத்து 1976இல் வெளிவந்த 50 மி.மீ. நொக்ரிலக்ஸ் வில்லையை முழுதாகத் திறந்தால், ஒரு மீற்றர் தூரத்திற் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 2 செ.மீ. மட்டுமே. கண் தெளிந்தால் காது மங்கும்.

ஊரிலிருந்து ஒரேயொரு முறை வந்த அம்மம்மாவை நான் எடுத்த படத்தில் தோட்டின் கற்களை எண்ணலாம், கண்கள் மங்கல். எப்போதோ கீழே விழுந்த கமராவில் தூரமானி பிசகியிருந்ததை நான் அறிந்திலேன். சாளரத்தில் விம்பங்கள் பொருந்தத்தான் செய்தன. அவர் மீண்டும் வரவில்லை.

பெற்றோர்களே, அலுமாரியிற் பழைய தூரமானிக் கமரா இருக்குமாயின், வில்லையை முடிவிலிக் குறியில் நிறுத்திச் சந்திரனைப் பாருங்கள். இரண்டு சந்திரன் தெரிந்தால், படச்சுருள் இடுமுன் திருத்துவோரிடம் கொடுங்கள்.